மூட்டைக் கணக்கு

ஜூன் 11

என் மகள் பட்டனுக்கு அப்பா சொல்வது.

சொல்வது நான், எழுதுவது மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. எழுத்தில் பிழை இருந்தால் அது அவர்களுடையது, பேச்சில் பிழை இருந்தால் என்னுடையது. இப்படிச் சொன்னதற்கு என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அவர்கள் வீட்டுத் துணி என் மேசைமேல்தான் கிடக்கிறது.

போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் என்ன ஆகிறது? நீ ஒன்று சொல்கிறாய், நான் ஒன்று சொல்கிறேன், உன் வீட்டுக்காரர் நடுவில் வாங்கி, "மாமா, சாப்ட்டீங்களா?" என்கிறார். அதோடு நம் சண்டை பாதியில் நிற்கிறது. உன் அம்மாவிடம் கொடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சைக் கேட்ட அன்றைக்கு என்னால் ஒரு சட்டைகூடத் தேய்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. "அம்மாவுக்குக் குளிருதுப்பா, வீட்டுக்குப் போய் போர்வை எடுத்துட்டு வாங்க" என்றாய். நானும் ஒரு மடையன், ஓடினேன். திரும்பி வந்தால் அவள் கட்டிலில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். "இங்க இருந்தவங்க எங்கங்க?" என்றேன். "பொண்ணு வந்து கார்ல கூட்டிட்டுப் போச்சே. நீங்க யாரு?" என்றார். நான் யார் என்று அந்த மனிதருக்கு என்னவென்று சொல்வேன்?

பக்கவாதம் வந்தது அவளுக்கு. கை விழுந்தது, பேச்சு போனது. எல்லாம் சரி. ஆனால் அவள் உன் அம்மா மட்டும் இல்லை.

எப்போது அனுப்புவாய்? அதற்கு மட்டும் பதில் எழுது.


ஜூன் 20

அப்பாவுக்கு,

போர்வையைச் சொல்லி உங்களை அனுப்பியது உண்மைதான். நீங்கள் இருந்திருந்தால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பீர்கள். நானும் உங்கள் மகள்தானே, நானும் போட்டிருப்பேன். அம்மா எதிரே அது வேண்டாம் என்று பட்டது. தப்பு என்றால் தப்புதான், அப்பா. ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அம்மாவின் கை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நடக்கிறாள். போனது அதுவல்ல. கணக்குப் போய்விட்டது. "ரெண்டு கொடும்மா" என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள். மாத்திரைகளை முன்னால் வைத்தால் எது காலைக்கு, எது இரவுக்கு, எது முதலில், எது பிறகு என்று ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் இருப்பதோ மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. நடுவில் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி. நீங்கள் துணி கொடுக்க நாலாவது மாடி ஏறிப் போயிருக்கும்போது அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தால்? தன் மாத்திரையைத் தானே பிரித்து எடுக்கட்டும். அன்றைக்கு அனுப்புகிறேன்.

வீட்டில் தனியாக விட முடியாததால் என் வகுப்புக்கே கூட்டிப் போகிறேன். தலைமை ஆசிரியை, "உக்காரட்டும். அட்டெண்டன்ஸ்ல மட்டும் பேர் கேக்காதீங்க" என்று சிரித்தார். அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அம்மையாரும் அதுவே நல்லது என்கிறார். அம்மாவுக்கு இப்போது தேவைப்படுவதெல்லாம் மழலையர் வகுப்பில் நான் சொல்லித் தருவதுதான்: எண்ணுவது, எது பெரிசு எது சின்னது, எது முன்னே எது பின்னே, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்ப்பது, ஆளுக்கு ஒன்று வைப்பது.

பிள்ளைகள் அவளுக்குப் 'பெரிய பாப்பா' என்று பேர் வைத்துவிட்டார்கள். சின்ன நாற்காலியில் உட்கார முடியாது என்பதால் பெஞ்சில் சாய்ந்து உட்காருகிறாள். பக்கத்தில் முன்பல் விழுந்த ஒரு பெண். நாங்கள் அவளை ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடுவோம். அவள்தான் அம்மாவுக்கு டீச்சர். "பெரிய பாப்பா, தொட்டுத் தொட்டு எண்ணணும்! சும்மா பாத்து எண்ணினா ஓடிடும்!" என்று அம்மாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டைமேலும் வைக்கிறாள்.

நேற்று ஒரு பையனை எண்ணச் சொன்னேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்றான்.

"நாலு எங்கடா?"

"நாலு இன்னைக்கு லீவு மிஸ்."

அம்மா சிரித்தாள், அப்பா. பாதி வாயால்தான். ஆனால் சிரித்தாள்.


ஜூலை 2

பட்டனுக்கு,

நாலு லீவு போட்ட கதையை இந்தக் கட்டடத்தில் நான் சொல்லாத வீடு இல்லை. மூன்றாம் மாடி வக்கீல்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ தொட்டிலில் இருந்தாய், அவருக்கு முதல் கேஸ் ஜெயித்த அன்று. அன்றைக்கு அவர் கொண்டுவந்து போட்டது பையில் மை கொட்டிய ஒரு வெள்ளைச் சட்டை. உன் அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்து எடுத்தாள்.

அவள் சிரித்தாள் என்ற இடத்தை டைப்பிஸ்ட் அம்மாவை மறுபடி படிக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. "இன்னும் எத்தனை வாட்டிங்க?" என்றார்கள். எந்தப் பக்கத்து வாயால் சிரித்தாள் என்று நீ எழுதவில்லை. இடது பக்கம் என்றால் அங்கே ஒரு குழி விழும். அது விழுந்ததா?

இங்கே என் பாடு நாறுகிறது. எனக்கு ஆள் ஞாபகம், பேச்சு ஞாபகம். யார் எந்த வருஷம் என்ன சொன்னார் என்று கேள், சொல்கிறேன். துணி ஞாபகம் அவளுடையது. நான் தேய்ப்பேன், அவள் பிரிப்பாள். மற்ற கடைகளில் காலருக்குள் மையால் குறி போடுவார்கள், நூல் கட்டுவார்கள். "அடுத்தவங்க துணில நாம எதுக்குக் கிறுக்கணும்?" என்று அவள் விடவில்லை. இப்போது பார். தையல் டீச்சர் வீட்டு மூட்டையில் பேக்கரிக்காரரின் பேன்ட் போய்விட்டது. அந்த அம்மா பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "இதுல நானும் என் தங்கச்சியும் சேர்ந்து நுழையலாம்" என்றாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு சட்டையை மடித்து முடித்ததும் என் கை தானாக வலப்பக்கம் நீளுகிறது. "இந்தா, ரெண்டாவது மாடி" என்கிறேன். வாங்க ஆளில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நானே கீழே வைக்கிறேன். இதை எழுத வேண்டாம் என்று டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொன்னேன். எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது.

பரீட்சை எல்லாம் எதற்கு? மாத்திரையை நான் கொடுப்பேன். அனுப்பு.


ஜூலை 19

அப்பாவுக்கு,

குழி விழுந்தது. பிறகு கவனித்துப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று வைக்க அம்மாவுக்கு வந்துவிட்டது. மதியம் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பது அவள்தான். ஒரு தலை, ஒரு தட்டு. பெரிசு சின்னதும் வந்துவிட்டது. நான் கட்டைகளை இரண்டு வரிசையாக நெருக்கி வைத்துவிட்டு அப்புறம் ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்து, "இப்ப எது நிறைய?" என்று கேட்டால் வகுப்பே "அகலமா இருக்கிறதுதான்!" என்று ஏமாறும். அவள் மட்டும் ஏமாறுவதில்லை. இரண்டும் ஒன்று என்று கையை ஆட்டுகிறாள்.

பிரிப்பதுதான் வரவில்லை. வகுப்பில் பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு கூடை இருக்கின்றன: வட்டம், சதுரம், முக்கோணம், சிவப்பு, நீலம், மஞ்சள், பெரியது, நடுவானது, பொடியானது. "ஒரே மாதிரி இருக்கிறதைச் சேருங்க" என்பது பாடம். சிவப்போடு சிவப்பு வைக்கலாம், வட்டத்தோடு வட்டம் வைக்கலாம், எதுவும் சரிதான். அம்மா எடுப்பது ஒரு பெரிய நீலச் சதுரம், ஒரு மஞ்சள் முக்கோணம், ஒரு பொடி சிவப்பு வட்டம். மூன்றையும் ஒன்றாக வைத்துத் தட்டுகிறாள். அடுத்த குவியலும் அதே கதம்பம். ஓட்டைப்பல் தலையில் கைவைத்துக்கொண்டு, "பெரிய பாப்பா! கண்ணு தெரியலியா?" என்கிறாள். தினமும் இதேதான். நான் பிரித்து வைத்துக் காட்டினால் கலைத்துவிட்டு மறுபடி தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறாள்.

பயிற்சி அம்மையார் வந்து பார்த்தார். "இந்தப் பகுதி திரும்பி வராமலே போகலாம், மனசைத் தேத்திக்கோங்க" என்றார். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கத் தெரியாதவளிடம் மாத்திரையை எப்படி விடுவது?

அவள் இங்கேயே இருந்துவிடட்டும், அப்பா. உங்களையும்தான் கூப்பிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டில் குந்தித் தின்ன மாட்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஆறு வயதில் என்னை விடுதியில் விட்டீர்கள். படிக்கவைக்க வேறு வழி இல்லை, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவோடு ஒரே வீட்டில் நான் இருந்தது லீவு நாளில் மட்டும்தான். இப்போதுதான் தினமும் காலையில் அவள் தலையை நான் வாருகிறேன்.


ஜூலை 28

பட்டனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் டைப்பிஸ்ட் அம்மா காபி போட உள்ளே போய்விட்டார்கள்.

சரி, விடு. அவளைப் படுத்தாதே. அந்தக் கூடையை எடுத்து மேலே வை. வராதது வராது.

ஆனால் அவளுக்கா பிரிக்கத் தெரியாது? மழைக்காலத்தில் இந்த அறையைப் பார்த்திருக்கிறாயா நீ? உட்கார இடம் இருக்காது. கட்டடத்தின் மொத்தத் துணியும் ஒரே மலையாகக் கிடக்கும். அவள் அதற்குள் உட்கார்ந்து, பார்க்கக்கூட மாட்டாள், என்னோடு பேசிக்கொண்டே கையை விட்டு உருவுவாள். ஒரு பெரிய பேன்ட். அந்தக் கோடியிலிருந்து ஒரு பூப்போட்ட கவுன். எங்கேயோ அடியிலிருந்து ஒரு கைக்குட்டையளவு குழந்தைச் சட்டை. ஒரு வீடு முடிந்தது. பொடியதை நடுவில் வைத்து, அதற்குமேல் கவுன், எல்லாவற்றுக்கும் வெளியே பேன்ட். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "சின்னது உள்ள இருந்தாத்தான்யா கசங்காது" என்றாள். கட்டி முடித்ததும் மூட்டைமேல் ஒரு தட்டு. அந்தத் தட்டு கேட்டால் நான் அடுத்த துணியை எடுப்பேன்.

பழையதைப் பேசி என்ன ஆகப்போகிறது. அவள் தலையை நீ வாருகிறாய் என்று எழுதியிருக்கிறாய். வகிடு நேராக எடு. கோணலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது.


ஆகஸ்ட் 5

அப்பா!

உங்கள் கடிதத்தை வகுப்பு முடிந்தபின் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் அன்றைய குவியல்கள் அப்படியே இருந்தன. 'பொடியதை நடுவில் வைத்து' என்ற இடத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது.

எல்லாக் குவியலிலும் ஒரு பெரியது, ஒரு நடுவானது, ஒரு பொடியது. ஒன்றில்கூட இரண்டு பெரியது இல்லை. மேலே இருந்த துண்டைத் தூக்கிப் பார்த்தேன். சின்னது உள்ளே. அடுத்தது, அதிலும் உள்ளே. அவள் தப்பாகப் பிரிக்கவே இல்லை, அப்பா. வீடு வீடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து ஒரு வீட்டுத் துணியை யார் சேர்ப்பார்கள்? அந்த மேசைக்கு அடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். எனக்கே தெரியவில்லை.

ஒரு குவியலைத் தொட்டு, "அம்மா, இது எந்த வீடு?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளாகக் கேட்காமல் இருந்தாய் என்பது போல ஒரு பார்வை. கூரையைக் காட்டி, "மே...ல" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் அழுததைப் பார்த்துவிட்டு ஆயா ஓடி வந்து, "யாரு டீச்சர் விழுந்தது?" என்று கேட்டாள்.

மாத்திரைகளையும் வீடாக்கிவிட்டேன். காலை வீடு, ராத்திரி வீடு. இரண்டு சின்னத் துணி. பெரிய வெள்ளையும் பாதி மஞ்சளும் காலை வீட்டில் குடியிருக்கிறார்கள். பொடி சிவப்பு ராத்திரி வீட்டில். கலைத்துக் கொடுத்தால் அம்மா சரியாகப் பிரித்துக் கட்டித் தட்டுகிறாள். பயிற்சி அம்மையாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க, இன்னொரு வாட்டி" என்று அவரும் கலைத்துப் பார்த்தார், பிறகு அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார். ஓட்டைப்பல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கலர் கலராத்தான் வைக்கணும் மிஸ், நீங்கதானே சொன்னீங்க" என்கிறாள்.


ஆகஸ்ட் 12

பட்டனுக்கு,

பாஸ் ஆகிவிட்டாள்! நீ வைத்த பரீட்சையில் நீ வைத்தபடியே பாஸ் ஆகிவிட்டாள். இனி என்ன சாக்கு சொல்வாய்?

இஸ்திரிப் பெட்டியை அவளுக்குக் கை வராத பக்கத்திலிருந்து எடுத்து என் பக்கம் மாற்றிவிட்டேன், தெரியாமல் பட்டுச் சுடாது. கதவோரத்தில் ஒரு சுவிட்ச் போட்டாயிற்று, வெளியே போகும்போதே அணைத்துவிடலாம். மாத்திரை டப்பா வக்கீல் வீட்டம்மாவிடம் இருக்கும். கட்டிலின் கால் ஆடியது, அதையும் பார்த்துவிட்டேன். வேறு என்ன வேண்டும் உனக்கு? சொல், அதையும் செய்கிறேன்.

'மே...ல' என்றாளா? எந்த மாடி என்று கேட்டாயா? பெரிய நீலம் என்றால் வக்கீல் வீடாகத்தான் இருக்கும், அவர் சிவப்பு போட மாட்டார்.

என்றைக்கு என்று மட்டும் எழுது. டைப்பிஸ்ட் அம்மா தன் தம்பியின் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்.


செப்டம்பர் 3

அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். காரணம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு, அம்மாவையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். வாயால் கேட்டால் பதில் வராது. ஆகவே வகுப்புக் கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் பாதித் துண்டுகளைக் கொட்டி, "நம்ம வீட்டைக் கட்டும்மா" என்றேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியவும் பயமாக இருந்தது.

பெரிய நீலச் சதுரத்தை எடுத்தாள். அது உங்கள் மாப்பிள்ளை, வேலைக்கு நீலச் சட்டைதான் போட்டுப் போகிறார். நடுவில் ஒரு மஞ்சள் முக்கோணம். அது நான். "நான் ஏம்மா முக்கோணம்?" என்றேன். சிரித்தாள். பிறகு பொடி சிவப்பு வட்டம் ஒன்றை எடுத்துத் தன் நெஞ்சில் தொட்டுக் காட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

தட்டுவாள் என்று பார்த்தேன். தட்டவில்லை. கூடைக்குள் வெகுநேரம் துழாவி ஒரு பெரிய வட்டத்தை எடுத்தாள். ஓரம் உடைந்த பழைய வட்டம், வகுப்பில் யாரும் அதைத் தொடுவதில்லை. அதை மேசையின் அந்தக் கோடியில் தனியாக வைத்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்கள் குவியலைத் திறந்து, நடுவிலிருந்த சிவப்பை எடுத்து, அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

நான் அதை எடுத்து மறுபடி எங்களிடம் வைத்தேன். அவள் எடுத்தாள். நான் வைத்தேன். அவள் எடுத்தாள். அடுத்த தடவை நான் கையை நீட்டியபோது என் கைமேல் ஒன்று போட்டாள், சின்ன வயதில் மாவில் கைவைத்தால் போடுவாளே, அதே அடி. பக்கத்தில் இருந்த அவர், "விடு, அவங்க சொல்லிட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவள் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன்.


செப்டம்பர் 9

பட்டனுக்கு,

நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று வாசலைப் பார்த்துப் பார்த்து நீயும் அவளும் சலித்திருப்பீர்கள். கிளம்பினேன். சட்டை போட்டு, வண்டியிலும் ஏறிவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மாவின் தம்பி சாவியைத் திருகியபோது, "கொஞ்சம் இருப்பா" என்று இறங்கிவிட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஓரம் உடைந்த வட்டம் என்று அவள் என்னைத் தேடி எடுத்ததைக் கேட்டு நான் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டேன். அது வேறு. ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு உன்னை விடுதியில் விட்டு வந்த வருஷம் ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியாது, நீ அங்கே இருந்தாய். அந்த வருஷம் முழுக்க, மாடி வீட்டு மூட்டையெல்லாம் கட்டி முடித்தபிறகு, உன் கவுன் ஒன்றை எடுத்து விரிப்பாள். தேய்ப்பாள். மடிப்பாள். எந்த மூட்டையிலும் சேராமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுத்த நாள் அதே கவுனை உதறி மறுபடி தேய்ப்பாள். "எதுக்குடி தேச்சதையே தேய்க்கிற?" என்றால், "கசங்கியிருக்குய்யா" என்பாள். கசங்கியே இருக்காது.

இப்போது நான் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே உட்கார்ந்துகொண்டு உன்னை எடுத்து ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

உன் வீட்டில் நான் தங்க மாட்டேன். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லாதே, இந்த வயதில் அதெல்லாம் வராது. மாப்பிள்ளை தங்கமானவர், அது வேறு விஷயம். எனக்கென்று ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும். பிரிக்கத்தான் ஆள் வேண்டும், அது அங்கேயே இருக்கிறது.

ஆகையால் ஒன்று கேட்கிறேன், விசாரித்து எழுது. உன் தெருவில் இஸ்திரி போடுகிறவர் யாராவது இருக்கிறாரா?


செப்டம்பர் 13

அப்பா,

யாரும் இல்லை. தெருவே கசங்கித்தான் நடமாடுகிறது. வாங்க.